வங்குரோத்துக்காரன் வீட்டுக் கல்யாணம்

தன்னால் கடனைக் கட்ட முடியாது என்று நாடே உலகத்துக்கு அறிவித்துவிட்ட பிறகு, நான் அறிவிப்பதில் வெட்கப்பட எதுவும் இருக்கவில்லை. நாட்டோடு பேசுவதற்குக் கோட் போட்ட கனவான்கள் விமானம் ஏறி வந்தார்கள். என்னோடு பேசுவதற்கு லீசிங் கம்பனியிலிருந்து கழுத்துப்பட்டி கட்டிய ஓர் இளைஞர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மற்றபடி பெரிய வித்தியாசமில்லை.

என் உத்தியோகக் காலம் முழுவதும் மாவட்ட நீதிமன்றப் பதிவகத்தில் கழிந்தது. யார் நொடித்து வங்குரோத்தாகிப் போனாலும் அவர்களுடைய மனு முதலில் என் மேசைக்குத்தான் வரும். முத்திரை ஒட்டியிருக்கிறதா, பக்கங்களுக்கு எண் இட்டிருக்கிறதா, சத்தியக் கடதாசியில் சமாதான நீதவானின் ஒப்பம் இருக்கிறதா என்று பார்த்து, குறை இருந்தால் திருப்பி அனுப்புவேன். அநேகமாகக் குறை இருக்கும். ஓய்வுபெற்றுச் சில வருடங்களுக்குப் பிறகு என் சொந்த மனுவோடு அதே மேசைக்கு முன்னால் போய் நின்றேன். என்னிடம் வேலை பழகிய பெண் அதை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தாள். "ஒரு பிழையும் இல்லையே சேர்" என்றாள், ஏமாற்றத்தோடு. அந்த வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

காரணம் எளியது. மனைவியின் தம்பி லீசிங்கில், அதாவது மாதத் தவணைக்கு, லொறி எடுத்து ஹாலிஎலயிலிருந்து மரக்கறி ஏற்றப்போகிறேன் என்றான். நான் பிணை நின்றேன். நாட்டில் டீசல் இல்லாமற்போனது. லொறி வரிசையில் நின்றது. தவணை மட்டும் நிற்காமல் ஓடியது. மச்சான் வெளிநாடு போய்விட்டான். இப்போது ஏதோவொரு குளிர் தேசத்தில் பனியில் நின்று படம் எடுத்து அனுப்புகிறான். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறான். கம்பனி லொறியைத் தூக்கிக்கொண்டு போய், போதாத மிச்சத்துக்கு என்னிடம் வந்தது. ஹாலிஎலயில் நாங்கள் இருந்த வீட்டை விற்றும் கணக்கு அடையவில்லை. பதுளை நகரத்துக்குக் கீழே ஒரு வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

மனு ஏற்கப்பட்ட நாள் தொடக்கம் நீதிமன்றம் விடுவிப்புச் சான்றிதழ் தரும் நாள் வரைக்கும் ஒரு மனிதன் விசித்திரமான பிராணியாக வாழ்கிறான். பென்ஷனைத் தவிர அவனிடம் வந்து சேரும் எதுவும் அவனுடையதல்ல, கடன்காரர்களுடையது. அதைச் சேர்த்துப் பங்கிட நீதிமன்றம் ஒரு பொறுப்பாளரை நியமிக்கும். என்னுடைய பொறுப்பாளர் ஒரு சட்டத்தரணி. பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகம் பார்க்க வந்தவர்கள். அவர் பதுளையிலேயே பிறந்து வளர்ந்தவர் என்றாலும் வீட்டுப் பேச்சை மட்டும் ஈரம் படாமல் வைத்திருந்தார். இளம் வயதில் வழக்குக் கோவை பார்க்க என் மேசைக்கு வந்து போனவர். என்னை "அண்ணை" என்பார்.

வந்ததை மறைக்காதே, உடனே அறிவி என்பது விதி. நான் விதியை மதிக்கிறவன். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார். பதிவுத் தபாலில் அறிவித்தேன். பொறுப்பாளர் தொலைபேசியில் வந்தார்.

"அண்ணை, வாழைப்பழத்தை நான் என்னெண்டு பங்கிடுறது?"

"அதத்தான் நானும் கடிதத்துல கேட்டிருக்கேன்."

"பேசாமல் சாப்பிடுங்கோ."

"எழுத்துல தந்தா நல்லது."

தந்தார், பாவம். சாப்பிட்டு முடித்த பொருள் சொத்தில் சேராது என்று அவரே ஒப்பமிட்ட கடிதம் என் கோப்பில் இருக்கிறது.

கடனுக்கு எதுவும் வாங்குவதாக இருந்தால், கொடுப்பவரிடம் என் நிலைமையைச் சொல்லிவிட்டுத்தான் வாங்குவது என்றும் வைத்துக்கொண்டேன். சட்டம் இந்த அளவுக்குக் கேட்கவில்லை, நானாகக் கூட்டிக்கொண்டது. பஸாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவரை எல்லோரும் நானா என்போம், என் பழைய சிநேகிதர். என் வாய்ச்சொல்லை நம்பி மச்சானுக்குக் கடனுக்குச் சாமான் கொடுத்ததால் என் கடன்காரர் பட்டியலிலும் இருப்பவர். மாதக் கடைசியில் அவருடைய கடைக்குப் போவேன்.

"நானா, ஒரு பாணும் பருப்பும் வேணும். பென்ஷன் வந்ததும் தாறேன். ஆனா சொல்ல வேண்டியது என் கடமை. நான் இன்னும் விடுவிக்கப்படாத வங்குரோத்துக்காரன்."

"சேர், போன மாசமும் இதத்தான் சொன்னீங்க. அதுவும் கடையில ஆள் நிறைஞ்சு நிக்கிற நேரம் பாத்து."

"நடைமுறை, நானா."

"ஒங்கட நடைமுறையக் கேட்டு அந்த மனிசன் சீனி வாங்காமப் போறார், பாருங்க. பாண எடுங்க. போங்க."

இப்படி என் வங்குரோத்து வாழ்க்கை ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது. பென்ஷன் வந்ததும் வாடகைக்கு ஓர் உறை, மின்சாரத்துக்கு ஓர் உறை, மருந்துக்கு ஓர் உறை. கடைசி உறையில் எதுவும் இருக்காது. அதன்மேல் 'ஏனையவை' என்று எழுதி வைத்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஸ்பிரிங்வெளிப் பாடசாலையில் படிப்பிக்கிறாள். மாப்பிள்ளை பண்டாரவளைப் பையன், அவரும் ஆசிரியர். தாலிக்கும் சேலைக்கும் அவர்கள் இருவரும் ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்தார்கள். மண்டபம், சமையல், சாப்பாடு மட்டும் எங்கள் பொறுப்பு. அதற்கு என் மனைவி நம்பியிருந்தது மொய்யை.

நாங்கள் கல்யாணம் செய்த நாளிலிருந்து, ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களிலும் ஹாலிஎலப் பக்கத்திலும் நடந்த எந்த விசேஷத்தையும் விட்டதில்லை. காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் போய் மொய் எழுதியிருக்கிறோம். போட்டது எல்லாம் திரும்பி வர எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் நடக்க வேண்டும். எங்களுக்கு ஒரே மகள். ஆகவே ஒரே தடவைதான்.

எனக்குக் கவலை இருக்கவில்லை. சான்றிதழ் விசாரணை கல்யாணத்துக்கு முன்னதாகவே நியமிக்கப்பட்டிருந்தது. சான்றிதழ் கையில் வந்த மறுநாள் வரும் பணம் எல்லாம் என் பணம். நாட்களை நான் அப்படித்தான் பார்த்து வைத்திருந்தேன்.

ஆனால் லீசிங் இளைஞரும் பார்த்து வைத்திருந்தார். அவர் கொழும்பிலிருந்து வந்தவராக இருந்திருந்தால் மொய் என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது. இவரோ எங்கள் தோட்டப் பக்கத்துப் பிள்ளை. விசாரணையன்று கம்பனியின் சட்டத்தரணி எழுந்து, மனுதாரருடைய மகளின் திருமணத்தில் கணிசமான தொகை வந்துசேர இருப்பதாகவும், அதற்குப் பிறகு ஒரு நாளுக்கு விசாரணையைத் தள்ளிவைக்க வேண்டும் என்றும் கேட்டார். விண்ணப்பம் ஒழுங்காக இருந்தது. நீதிபதி வேறு என்ன செய்ய முடியும்? தள்ளிவைத்தார். நான் பழைய மேசையில் இருந்திருந்தால் அந்த இளைஞரைக் கூப்பிட்டுக் கைகொடுத்திருப்பேன்.

வெளியே தாழ்வாரத்தில் அவரே வந்து நின்றார்.

"சேர் கோவிச்சுக்கிட்டீங்களா? எங்க அக்கா கல்யாணத்துல நான்தான் மொய் மேசையில இருந்தேன். அதான் ஞாபகம் வந்துச்சு."

"கோவமெல்லாம் இல்ல தம்பி. கல்யாணக் காட் அனுப்புறேன். அவசியம் வாங்க."

"வராம இருப்பேனா சேர்!"

வீட்டுக்கு வந்து மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப மொய் வந்தா?"

"பொறுப்பாளர் கைக்குப் போகும். அவர் கடன்காரங்களுக்குப் பங்கு போடுவார்."

"நாம எழுதுன மொய்யா?"

"ஆமா."

"அந்தக் கம்பனிக்காரன் வீட்டு விசேஷத்துல நான் எப்பங்க கை நனைச்சேன், அவனுக்கு மொய் எழுத?"

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் கிடையாது. நான் தேடியும் பார்த்தேன்.

"எம் பேருல எழுதச் சொல்லுங்க" என்றாள்.

"சொத்த மறைச்சதா ஆயிரும். சான்றிதழே கெடைக்காது. சாகுற வரைக்கும் இந்த உறைகளோட இருக்க வேண்டியதுதான்."

"அப்பக் கல்யாணத்தத் தள்ளுங்க."

"மாப்பிள்ள வீட்டுல என்னான்னு சொல்றது? மாமனார் எப்ப விடுவிக்கப்படுவார்னு ஜாதகத்துல பாத்து நாள் குறிங்கன்னா?"

அவள் முருங்கைக் காம்பைச் சுளகில் எறிந்த வேகத்தில் பேச்சு முடிந்தது.

வழி ஒன்றுதான் என்று தீர்மானித்தேன். மொய்யே வாங்குவதில்லை. வராத பணத்தைக் கம்பனி எப்படி எடுக்கும்? மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் பென்ஷனை வைத்துச் சின்னதாகச் சமாளிக்கலாம். அழைப்பிதழின் கடைசி வரியாக 'மொய் எழுதுவதை அன்புடன் தவிர்க்கவும்' என்று அச்சடிக்கச் சொன்னேன். கொழும்பில் இப்படி அச்சடித்தால் நாகரிகமான குடும்பம் என்பார்கள்.

நான் கொழும்பில் இல்லை. என் சகலை இதை விளக்குவதற்காகவே ஸ்பிரிங்வெளியிலிருந்து பஸ் ஏறி வந்தார். என் மனைவியின் அக்கா புருஷன், ஓய்வுபெற்ற கங்காணி. அழைப்பிதழை இரண்டு விரலால் மட்டும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"சகல, இது என்னா?"

"கல்யாணக் காட்."

"அது கண்ணுக்குத் தெரியுது. கடைசி வரி என்னா?"

"மொய் வேணாம்னு போட்டிருக்கு."

"ஏன், எங்க மொய் கசக்குதோ?"

"அப்படியில்ல. உள்ள வாங்க, உக்காருங்க."

"உக்கார வரல. எங்க மூத்தவன் கல்யாணத்துக்கு நீங்க எழுதுனது எங்கிட்ட நிக்குது. அத வாங்கமாட்டேன்னா கணக்க முடிச்சிட்டீங்கன்னு அர்த்தம். கணக்கு முடிஞ்சா ஒறவு முடிஞ்சுச்சு. லயத்துல எல்லாரும் அதத்தான் பேசுறாங்க. 'பெரிய மனுசன் டவுனுக்குப் போனதும் நம்மள வெட்டி விட்டுட்டாரு'ங்கிறாங்க."

வங்குரோத்துச் சட்டத்தை முதலிலிருந்து கடைசி வரைக்கும் அவருக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி. ஒங்ககிட்ட காசு இல்ல. அதானே?"

"அதான்."

"காசு இல்லாதவனுக்குத்தானே சகல மொய்? இருக்கிறவனுக்கு எதுக்கு? காசு இல்ல, அதனால மொய் வேணாங்கிறீங்க. படிச்சவங்க பேசுற பேச்சா இது?"

நாற்காலியை வாசல் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"மொய் வாங்கலேன்னா ஒருத்தரும் வர்றதா இல்ல. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். கடன வச்சுக்கிட்டு எந்த மூஞ்சியோட வந்து பந்தியில உக்கார்றது?"

மொய் வாங்கினால் கம்பனிக்குப் போகும். மறைத்து வாங்கினால் சான்றிதழ் போகும். வாங்காவிட்டால் சொந்தமெல்லாம் போகும். இத்தனை வருட உத்தியோகத்தில் இப்படியொரு மனு என் மேசைக்கு வந்ததில்லை.

அடுப்படியிலிருந்து மனைவி வந்தாள். கையில் அகப்பை இருந்தது.

"ஏங்க, காசா வாங்குனாத்தானே கம்பனிக்குப் போகும்? சோறா வாங்குனா?"

"சோறாவா?"

"அரிசியாக் குடுக்கட்டும். மரக்கறியாக் குடுக்கட்டும். கல்யாணத்துலயே ஆக்கிப் போட்டுருவோம். வந்தவங்க வயித்துக்குள்ள கைய விட்டா எடுப்பாரு ஒங்க பொறுப்பாளரு?"

என் கோப்பில் இருந்த வாழைப்பழக் கடிதம் எனக்கு நினைவுக்கு வந்தது. சகலை முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இது ஞாயம்" என்றார். "டீத்தண்ணி போடு தாயி."

நடைமுறைப்படி இதையும் பொறுப்பாளருக்கு அறிவித்தேன். மாலையே தொலைபேசி வந்தது.

"அண்ணை, சாப்பாடு மிஞ்சினால்?"

"மிஞ்சினத முறைப்படி அறிவிப்பேன்."

"மிஞ்ச விடாதேங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

நானாவுக்கு அழைப்பிதழ் கொடுக்கப் போனேன். அவர் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சேர், வெளங்காமக் கேக்கிறேன். நான் ஐயாயிரம் மொய் எழுதினா அது பொறுப்பாளருக்குப் போகும். அவர் பங்கு போட்டு எனக்கும் கொஞ்சம் தருவார். மிச்சம் லீசிங்காரனுக்கு. அப்ப நான் லீசிங்காரன்ட மகளுக்கா மொய் எழுதுறேன்?"

"மிகச் சரியா வெளங்கியிருக்கீங்க."

"அதுக்கு ரெண்டு மூட்ட சம்பா அரிசி அனுப்புறேன். தின்னுட்டுப் போங்க."

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையிலிருந்து கோயில் மண்டபத்து வாசலில் லொறியும் முச்சக்கர வண்டியுமாக வந்து நின்றன. கோவா, கரட், லீக்ஸ், போஞ்சி, தேங்காய், உருளைக்கிழங்கு. பெரகல சந்தியில் கடை வைத்திருக்கும் மனைவியின் பெரியப்பா மகன் ஒரு முழு வண்டி பூசணிக்காயோடு வந்தார். நான் மொய் எழுதிய காலத்தில் அந்தத் தொகைக்கு ஒரு மூட்டை கோவா வாங்கலாம். இன்றைய விலைக்கு நாலைந்து கோவாதான் வரும். ஆனால் ஒருவரும் நாலைந்து கோவா கொண்டுவரவில்லை. மூட்டையாகவே கொண்டுவந்தார்கள். மத்திய வங்கிக்குத் தெரியாத கணக்கு ஏதோ லயங்களில் இருக்கிறது.

தோட்டத்துக் கல்யாணங்களில் யார் எவ்வளவு எழுதினார்கள் என்று ஒலிபெருக்கியில் வாசிப்பது வழக்கம். அதை விடுவதற்கு அறிவிப்பாளருக்கு மனம் வரவில்லை. "மணமகளின் அத்தை, ஸ்பிரிங்வெளி மேல் லயம், கரட் ரெண்டு மூட்டை! மணமகளின் சித்தி, ஹாலிஎல, தேங்காய் அம்பது! மணமகளின் தந்தையாரின் பால்ய சிநேகிதர், பேரு சொல்ல விருப்பமில்ல, பூசணி ஒண்ணு!" கூட்டம் ஒவ்வொன்றுக்கும் கைதட்டியது. பூசணி ஒன்றுக்கு அதிகமாகத் தட்டியது.

கல்யாணத்தன்று லீசிங் இளைஞர் புதுக் கழுத்துப்பட்டியோடு வந்தார். மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என்னிடம் வந்தார்.

"சேர், மொய் மேசையக் காணல."

"இங்க எல்லாம் இலையிலதான் தம்பி. உக்காருங்க, பாயசம் வருது."

உட்கார்ந்தார். கம்பனி சார்பில் பாயசம் மூன்று தடவை வாங்கிக்கொண்டார். பக்கத்து இலையில் பொறுப்பாளர். அதற்குப் பக்கத்தில் நானா. என் சொத்து அத்தனை ஒழுங்காகப் பங்கிடப்பட்டதை நீதிமன்றமே பார்த்திருந்தால் மகிழ்ந்திருக்கும்.

மறுநாள் கறிச்சாப்பாடு. அதற்கென்று இரண்டு ஆடுகள் வந்திருந்தன. ஒன்று மாப்பிள்ளை வீட்டாருடையது. மற்றது சகலை தன் மொய்யாகப் பெரகலயில் யாரிடமோ அவசரமாக வாங்கியது. நானா அனுப்பிய ஆள் முதல் ஆட்டை முடித்துவிட்டு, சகலையின் ஆட்டருகே வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தார். கத்தியை மடக்கினார்.

"இது சினை. நான் அறுக்கமாட்டேன்."

சகலையின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "வித்தவன் சொல்லலியே... நானும் பாக்கலியே" என்று நாலு பேரிடம் நாலு தடவை சொன்னார். ஒரு கங்காணிக்கு இதைவிட அவமானம் கிடையாது. ஆட்டை எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொய்யா மரத்தில் கட்டிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு ஊருக்குப் போனார்.

மிச்சமான மரக்கறியெல்லாம் ஆக்கி, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுப் போட்டு முடிந்தது. அரிசி முடிந்தது. ஆடு மட்டும் முடியவில்லை. கொய்யா இலையைத் தின்றுகொண்டு நின்றது.

"பேசாம அத்தானுக்கே திருப்பி அனுப்பிருங்க" என்றாள் மனைவி.

"அதெப்படி? நமக்கு வந்த சொத்து. கைமாத்துனா மோசடி."

"ஒங்க மூஞ்சியப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு. எதுக்குச் சிரிக்கிறீங்க?"

சிரித்தேனா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு விதி நினைவுக்கு வந்திருந்தது. பொறுப்பாளர் ஒரு சொத்தை விற்கும் வரைக்கும் அதைப் பாதுகாக்க ஆகும் செலவு, கடன்காரர்களின் பங்குக்கு முன்னால் கழிக்கப்படும். வீடாக இருந்தால் பூட்டுக்குச் செலவு. லொறியாக இருந்தால் தரிப்பிடத்துக்குச் செலவு. ஆடாக இருந்தால்?

உட்கார்ந்து எழுதினேன். 'மேற்படி ஆடு என் பாதுகாப்பில் உள்ளது. என் செலவில் அல்ல என்பதைப் பணிவுடன் அறியத் தருகிறேன்.'

பொறுப்பாளர் நேரிலேயே வந்தார். நீதிமன்றத்திலிருந்து வந்தவர், கறுப்புக் கோட்டைக் கழற்றாமல் ஆட்டின் முன்னால் நின்றார். ஆடு கோட்டின் ஓரத்தை மோந்து பார்த்தது.

"அண்ணை, நீங்கள் வேணுமெண்டுதான் செய்யிறியள்."

"வேணாம்னு எழுதித் தாங்க, நானே வச்சுக்கிறேன்."

"அதுக்குக் கடன்காரர் சம்மதிக்க வேணும்."

நானா உடனே சம்மதித்தார். லீசிங் இளைஞர் சம்மதிக்கவில்லை. "ஆடும் சொத்துத்தானே சேர்? இப்ப ஆட்டிறைச்சி விக்கிற வெலைக்கு நல்ல காசு வரும்" என்றார். பாயசத்தில் போனதை ஆட்டில் பிடித்துவிடலாம் என்று நினைத்திருக்க வேண்டும். இளமை.

அன்றிலிருந்து எனக்கு மறுபடியும் உத்தியோகம் கிடைத்த மாதிரி இருந்தது. ஆட்டை மதிப்பிடக் கால்நடை வைத்தியரின் சான்றிதழ் வேண்டும். அவரை அழைத்துவர முச்சக்கர வண்டிக் கூலி. மழைக்காலம், ஆடு நனைந்தால் பெறுமதி குறையும். ஆகவே தகரமும் மரமும் வாங்கிக் கொட்டில். பலா இலை ஒடித்துவர ஓர் ஆள். தெருநாய்களிடமிருந்து காப்பாற்ற வேலி. ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டு, ஒவ்வொன்றும் மூன்று பிரதிகளில். ஒரு சதத்தைக்கூட நான் கூட்டி எழுதவில்லை. அதற்கு அவசியமே இருக்கவில்லை. நடைமுறை தானாகவே கூட்டிக்கொண்டது. வாங்க வந்தவர்கள் ஆட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நீதிமன்றத்துக்குச் சொந்தமான ஆடு என்று கேட்டதும் பின்வாங்கினார்கள். நாளைக்கு ஆடு செத்துப்போனால் சாட்சிக்குக் கூப்பிடுவார்களா என்று ஒருவர் கேட்டார். எனக்கு உறுதியாகத் தெரியாது என்று உண்மையைச் சொன்னேன்.

விற்பனைக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கும்போதே ஆடு இரண்டு குட்டி போட்டது. 'சொத்து பெருகியுள்ளது' என்று அறிவித்தேன். வைத்தியரின் சான்றிதழ் ஓர் ஆட்டுக்குத்தான் வழங்கப்பட்டது என்பதால், புதிய மதிப்பீடு வேண்டும் என்பதையும் சுட்டிக்காட்டினேன்.

"அண்ணை," என்றார் பொறுப்பாளர் தொலைபேசியில், "இனி எழுதாதேங்கோ. பேசவும் வேண்டாம். விசாரணையிலை சந்திப்பம்."

விசாரணையன்று என் மனைவியும் வந்திருந்தாள். அன்றைக்கும் சான்றிதழ் கிடைக்காவிட்டால் அடுத்த திகதி எப்போது என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் பயம்தான். நடைமுறையைத் தெரிந்தவனுக்குத்தான் அது எவ்வளவு நீளும் என்பதும் தெரியும்.

கடந்த விசாரணைக்குப் பிறகு வந்துசேர்ந்த சொத்து என்னவென்று நீதிபதி கேட்டார். பொறுப்பாளர் எழுந்தார்.

"ஓர் ஆடும் இரண்டு குட்டிகளும், கனம் நீதிபதி அவர்களே."

பெறுமதி கேட்டார், சொன்னார். இதுவரை ஆன செலவைக் கேட்டார். அதையும் சொன்னார், கொஞ்சம் மெதுவாக. செலவு பெறுமதியைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. அந்த வித்தியாசத்தை எதிலிருந்து எடுப்பது என்று நீதிபதி கேட்டார். ஹாலிஎல வீட்டை விற்று இன்னும் பங்கிடாமல் இருக்கும் பணத்திலிருந்துதான், அதில் பெரும்பங்கு லீசிங் கம்பனிக்கென்று ஒதுக்கியிருக்கிறது என்றார் பொறுப்பாளர்.

பின்வரிசையில் லீசிங் இளைஞர் சடாரென்று எழுந்து தங்கள் சட்டத்தரணியின் காதருகே குனிந்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் குசுகுசுத்தார்கள். 'குட்டிகளுமா?' என்று சட்டத்தரணி கேட்டது எனக்குக் கேட்டது.

நீதிபதி என் பக்கம் திரும்பி, மேலும் அறிவிக்க ஏதாவது இருக்கிறதா என்றார். நான் எழுந்து நின்றேன். ஒரு குட்டிக்கு நேற்றிலிருந்து கழிச்சல் என்றும், வைத்தியரை மறுபடி அழைப்பதற்குப் பொறுப்பாளரின் அனுமதியைக் கோரியிருப்பதாகவும் சொன்னேன். அது முழு உண்மை. வைத்தியரின் கட்டணத்தையும் சொல்ல ஆரம்பித்தேன்.

கம்பனியின் சட்டத்தரணி இடைமறித்தார். விடுவிப்புச் சான்றிதழ் வழங்குவதில் தங்களுக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை என்றார். ஆட்டின் மீதும் குட்டிகளின் மீதும் கம்பனி எந்த உரிமையும் கோரவில்லை என்பதையும் தயவுசெய்து பதிவுசெய்யுமாறு இரண்டு தடவை கேட்டார். நானா எழுந்து, மதிப்பீட்டு விலைக்கு மூன்றையும் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். பொறுப்பாளர் அவரைப் பார்த்த பார்வையில் கண்ணீர் இருந்தது என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மாட்டிக்கொண்டு ஒப்பமிட்டார்.

தாழ்வாரத்தில் லீசிங் இளைஞர் என்னைக் கடந்து போனார். போனவர் திரும்பி வந்தார்.

"சேர், குட்டிக்கு மெய்யாவே கழிச்சலா?"

"வேணும்னா வந்து பாருங்க தம்பி."

"வேணாம் சேர்" என்று வேகமாக மோட்டார் சைக்கிளை நோக்கி நடந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சகலை வந்தார். இந்த முறை உள்ளே வந்து உட்கார்ந்துதான் பேசினார்.

"ஆடு நானாகிட்டப் போயிருச்சாமே?"

"ஆமா. குட்டிகளும் சொகமா இருக்கு."

"வித்த காசு?"

"கடன்காரங்களுக்கு."

"அப்ப ஒங்க வயித்துக்கும் வரல, கைக்கும் வரல. கோர்ட்டுக்குப் போன ஆடு மொய்யாகாது, சகல. எங்க மூத்தவன் மொய் இன்னும் எங்கிட்டத்தான் நிக்குது."

மடியிலிருந்து பணத்தை எடுத்து எண்ணினார். எழுந்து நின்று இரண்டு கையாலும் நீட்டினார். நானும் எழுந்து நின்று வாங்கிக்கொண்டேன். அவர் டீ குடித்து, கல்யாணத்தில் யார் யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று பேசிவிட்டு, மூன்று மணி பஸ்ஸுக்குப் போனார்.

"இத யாருக்கு எழுதி அறிவிக்கணும்?" என்றாள் மனைவி, குறும்பாக.

"யாருக்கும் இல்ல. இது நம்ம காசு."

சொல்லும்போது எனக்கே புதிதாக இருந்தது. பணத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அவள் கையை நீட்டி அதை அங்கிருந்து எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்கு எதிராக மேன்முறையீடு செய்ய எந்தச் சட்டத்திலும் இடமில்லை.